டெமோசீன்: "நல்ல ட்ரோன் ஷாட் சார்" என்றாள் மாணவி. எங்கே தவறவிட்டேன்?

#1 நுண்பொறி

வணக்கம் நண்பர்களே. ஒரு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். போன வாரம் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு எலிவேட்டட் என்ற டெமோ காட்டினேன். டெமோ என்றால் படத்தையும் இசையையும் ஓடும்போதே கணக்கிட்டுக் காட்டும் நிரல். அதைப் போட்டி போட்டுச் செய்யும் கூட்டம்தான் டெமோசீன்.

பார்க்காதவர்களுக்காக: பனி படர்ந்த மலைத்தொடர், தாழ்வில் நீர், முகடுகளை உரசிக்கொண்டு பறக்கும் கேமரா, அதற்கென்றே செய்த இசை. மூன்று நிமிடத்துக்கும் மேல் ஓடும். ஆர்ஜிபிஏ, டிபிசி என்ற இரண்டு குழுக்கள் சேர்ந்து செய்தது. 2009இல் ஜெர்மனியில் நடந்த பிரேக்பாயிண்ட் விழாவில் 4கே (கோப்பு 4 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும்) பிரிவில் முதலிடம் பெற்றது. படம், இசை, கேமரா ஓட்டம் எல்லாம் அடங்கிய அந்த ஒற்றைக் கோப்பின் அளவு 4096 பைட்.

முதல்முறை பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோப்பின் மேல் வலது சொடுக்கி அளவை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். வகுப்பில் ஓடி முடிந்ததும் ஒரு மாணவி, "நல்லா இருக்கு சார், எந்த ஊர் ட்ரோன் ஷாட்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. இது படம்பிடித்தது இல்லை, நம் கண் முன்னால் கணினி அந்த நொடியே கணக்குப் போட்டு வரைகிறது என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் எனக்குள் நடந்தது அவர்களுக்குள் நடக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த மாதம் துறை விழாவில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எதைக் காட்டுவது, எந்த வரிசையில் காட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_டிஸ்கெட்

சார், கடைசியாக வைக்க வேண்டியதை முதலில் வைத்துவிட்டீர்கள்.

நான் முதலில் பார்த்த டெமோ செகண்ட் ரியாலிட்டி. பின்லாந்தின் ஃபியூச்சர் குரூ குழு 1993 அசெம்பிளி விழாவுக்குச் செய்தது. என் நண்பன் சென்னை ரிச்சி தெருவில் யாரிடமோ வாங்கி பிளாப்பியில் கொண்டுவந்தான். அலுவலகத்தில் ஒரு 486 கணினி இருந்தது. பகலெல்லாம் அதில்தான் கணக்கு எழுதுவோம். ஒரு பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்தப் பெட்டி எவ்வளவு நேரம் முனகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதே பெட்டியில் மாலை ஆறரை மணிக்குப் படம் சுழன்றபடியே பெரிதாகிச் சிறிதாகியது, படத்தின் மேல் ஒரு கண்ணாடிக் குமிழி துள்ளியது, முப்பரிமாண நகரத்துக்குள் ஒரு விமானம் பறந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தேன்.

நான் எழுந்து நின்றதற்குக் காரணம் அந்தப் பெட்டியால் எவ்வளவு முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மாணவர்கள் கையில் இருக்கும் போன் எதை வேண்டுமானாலும் காட்டும். அதில் ஒரு மலையைக் காட்டினால் அவர்கள் ஏன் வியக்க வேண்டும்? முதலில் எல்லையைக் காட்டுங்கள். அப்புறம் அதைத் தாண்டுவதைக் காட்டுங்கள்.

#3 மின்னல்கொடி

அண்ணா சொன்னதோடு ஒரு கணக்கு. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) 3 பைட். "மலைத்தொடர்" என்ற சொல்லில் 10 குறிகள், ஆக 30 பைட். 4096 பைட்டில் தமிழில் சுமார் 160 சொல் எழுதலாம், அவ்வளவுதான். நுண்பொறி சார், நீங்கள் எழுதிய முதல் பதிவே அந்தக் கோப்பில் பெரும்பகுதியை அடைத்துவிடும். இதை மாணவர்களிடம் சொல்லுங்கள்.

#4 நேர்கோடு

நான் வேறு பக்கம் நின்று பேசுகிறேன், கோபப்படாதீர்கள். பதினைந்து வருடமாகப் படத்தொகுப்பு, விஎஃப்எக்ஸ் வேலை. திரையில் தெரிவதுதான் படைப்பு. பார்வையாளரிடம் போய் "இது இத்தனை பைட்" என்று சொன்னால்தான் ரசிக்க முடியும் என்றால், ரசிப்பது படத்தையா, செய்தியையா? அந்த மாணவி ட்ரோன் ஷாட் என்று நம்பியது அந்தப் படைப்புக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. யூடியூபில் எல்லா டெமோவும் கிடைக்கிறது. ஏன் கல்லூரிக் கணினியில் தரவிறக்கி, ஓட்டி, சிரமப்பட வேண்டும்? அதே ஒளிதானே திரையில் விழுகிறது?

#5 மின்னல்கொடி

அதே ஒளி இல்லை நேர்கோடு சார். உங்கள் துறையிலிருந்தே சொல்கிறேன். டெமோக்களில் துகள்கள் பறக்கும், புள்ளிகள் இரையும், ஒவ்வொரு சட்டகமும் (ஃபிரேம்) முழுசாக மாறும். வீடியோ சுருக்க முறைக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஃபார்பிரவுஷ் குழுவின் டெப்ரிஸ் 2007இல் வந்தது. கட்டடங்கள் ஆயிரக்கணக்கான கட்டிகளாக உடைந்து பறக்கும் இடத்தை வீடியோவில் பாருங்கள், கஞ்சியாகத் தெரியும். ஓடவிட்டுப் பாருங்கள், ஒவ்வொரு கட்டியின் ஓரமும் கூர்மையாக இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த ஏழு நிமிட டெமோவின் அளவு 177 கிலோபைட். அதைப் பதிவுசெய்த வீடியோ அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது, தரமும் மட்டம்.

செய்தியா படமா என்பதற்கு வருகிறேன். நுண்பொறி சாருக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நூறு வருடத்துக்கான பஞ்சாங்கத்தை அச்சடித்துக் கொடுக்கலாம். அது ஒரு அலமாரி. அல்லது பஞ்சாங்கம் கணிக்கும் வாக்கியங்களையும் முறையையும் மட்டும் கொடுக்கலாம். அது சில ஏடுகள். வீடியோ என்பது அச்சடித்த பஞ்சாங்கம். டெமோ என்பது கணிக்கும் முறை. எலிவேட்டடில் மலையின் படம் எங்கும் சேமிக்கப்படவில்லை. ஓர் இடத்தைக் கொடுத்தால் அங்கே தரை எவ்வளவு உயரம் என்று சொல்லும் ஒரு கணிதச் சார்பு இருக்கிறது. மெதுவாக ஏறி இறங்கும் ஒரு பெரிய அலை. அதன் மேல் பாதி அகலமும் பாதி உயரமுமாக இன்னொரு அலை. அதன் மேல் இன்னும் சின்னதாக ஒன்று. இப்படிக் குலுக்கல் எண்களிலிருந்து செய்த அலைகளை அடுக்கிக்கொண்டே போனால் முதல் அலை மலையாகும், கடைசி அலை கூழாங்கல்லாகும். சரிவு குறைந்த இடத்தில் பனி தங்கும், செங்குத்தான இடத்தில் பாறை தெரியும்.

1920க்கு 1080 திரையில் 20,73,600 பிக்சல். நொடிக்கு 60 சட்டகம் என்றால் 12 கோடியே 44 லட்சம் தடவைக்கு மேல் "இந்தப் புள்ளிக்கு என்ன நிறம்?" என்ற கேள்விக்குப் பதில் கணக்கிடப்படுகிறது. வீடியோவில் அந்தப் பதில்கள் யாரோ எப்போதோ கணக்கிட்டவை. டெமோவில் அவை உங்கள் கணினி, உங்கள் அறையில், இப்போது கணக்கிட்டவை. கச்சேரிக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

#6 நேர்கோடு

கச்சேரியில் பாடகர் தப்புப் பண்ணலாம், வேறு மாதிரிப் பாடலாம். டெமோ ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் ஓடும். உவமை முழுசாகப் பொருந்தவில்லை. ஆனால் பஞ்சாங்கம் பிடித்திருக்கிறது.

இந்த 4096 கணக்கிலும் எனக்கு ஐயம் உண்டு. கொஞ்சம் படித்துப் பார்த்தேன். முப்பரிமாணம் வரைய விண்டோஸின் டைரக்ட்எக்ஸ். நிறக் கணக்கை மொழிபெயர்க்க கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவர். சிலர் இசைக்கு விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மிடி ஒலித் தொகுப்புக் கோப்பை எடுத்துக்கொள்கிறார்கள். அது மட்டுமே 3 மெகாபைட்டுக்கு மேல். பக்கத்து வீட்டு அடுப்பில் சமைத்துவிட்டு என் வீட்டில் விறகே செலவாகவில்லை என்று சொல்வது போல இருக்கிறது. உண்மையான அளவு 4096 தானா?

#7 மின்னல்கொடி

நியாயமான கேள்வி. டெமோசீனுக்குள்ளேயே பல வருடமாக இது ஓடுகிறது. என் பதில்: நாலடி வெண்பா எழுதுகிறவர் தமிழ்ச் சொற்களைத் தானே உண்டாக்கவில்லை. அகராதி எல்லோருக்கும் பொது. அவருடைய கைவசம் 15 சீர்தான், தளையும் தட்டக்கூடாது. அதற்குள் என்ன சொன்னார் என்பதில்தான் அவர் திறமை. போட்டியில் எல்லோருக்கும் ஒரே கணினி, ஒரே விண்டோஸ். பொது அகராதியிலிருந்து எடுப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

#8 பழைய_டிஸ்கெட்

அகராதியே இல்லாத இடத்துக்கு வாருங்கள் நேர்கோடு. காமடோர் 64. 1982இல் வந்த வீட்டுக் கணினி. 64 கிலோபைட் நினைவகம், 16 நிறம். ஐரோப்பிய மாதிரியில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவான சுழற்சிகள் (செயலியின் துடிப்புகள்). திரையில் ஒரு கோடு வரைய 63 சுழற்சி, மொத்தம் 312 கோடு. ஆக ஒரு சட்டகத்துக்கு 19,656 சுழற்சி. அவ்வளவுதான் உங்கள் சம்பளம், அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். அதிலும் எழுத்து வரிசை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் படம் வரையும் சில்லு சுமார் 40 சுழற்சிகளைத் தானே எடுத்துக்கொள்ளும்.

அந்தக் கணினியில் படத்தைச் சுற்றி ஒரு தடித்த விளிம்பு இருக்கும். அங்கே எதையும் வரைய முடியாது என்றுதான் அதைச் செய்தவர்கள் நினைத்தார்கள். பெடிசன்கள் அதைத் திறந்துவிட்டார்கள். எப்படித் தெரியுமா? திரையை 25 வரிசையாகவும் வைக்கலாம், 24 வரிசையாகவும் வைக்கலாம். 24 நிலையில் 247ஆம் கோட்டுக்கு வந்ததும் சில்லு விளிம்பைத் தொடங்கும். 25 நிலையில் 251ஆம் கோட்டில் தொடங்கும். 247ஐத் தாண்டும்வரை 25 நிலையிலேயே இருங்கள். 251 வருவதற்குள் 24க்கு மாற்றுங்கள். சில்லு "247 எப்போதோ போய்விட்டதே" என்று பேசாமல் இருந்துவிடும், 251ஐயும் கவனிக்காது. விளிம்பு வரவே வராது! அந்த இடத்தில் ஸ்பிரைட்டுகளை (தனியாக நகர்த்தக்கூடிய குட்டிப் படங்களை) மிதக்கவிடலாம். ஒவ்வொரு சட்டகத்திலும், நொடிக்கு ஐம்பது தடவை, இதைச் சரியான நேரத்தில் செய்ய வேண்டும்.

இதைக் கரும்பலகையில் ஐந்து நிமிடம் வரைந்து காட்டிவிட்டு, சார், பூஸ் டிசைன் குழுவின் எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ் ஓடவிடுங்கள். 2008இல் வந்தது. வைஸ் என்ற எமுலேட்டர் (பழைய கணினியைப் போலவே நடக்கும் மென்பொருள்) போதும். ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) முறையில் வையுங்கள், முடிந்தால் புரொஜெக்டரை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 60இல் ஓட்டினால் நகரும் எழுத்துகள் விக்கிக்கொண்டே போகும்.

#9 பழைய_டிஸ்கெட்

மேலே "பெடிசன்கள்" என்று இருப்பதை "பையன்கள்" என்று படிக்கவும். தட்டச்சுப் பிழை.

#10 மூன்றுகுரல்

எல்லோரும் படத்தையே பேசுகிறீர்கள். நான் இசை வழியாக இதற்குள் வந்தவன், அதனால் என் பங்கு.

காமடோர் 64இன் சிட் ஒலிச் சில்லை வடிவமைத்தவர் பாப் யானஸ். மூன்றே குரல். ஒரு குரல் தாளத்துக்கு, ஒன்று அடித்தளத்துக்குப் போனால் மீதி ஒன்று. அதில் மூன்று சுரம் சேர்ந்த ஒலி எப்படி வரும்? ஒரே குரலை ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு சுரமாக, ச-க-ப ச-க-ப என்று நொடிக்கு ஐம்பது தடவை மாற்றுவார்கள். காது அதைச் சேர்த்துக் கேட்கும், லேசான சிலிர்ப்போடு. பற்றாக்குறைக்குச் செய்த தந்திரம்தான், ஆனால் அந்தச் சிலிர்ப்பு இல்லாமல் இன்று அந்த இசையை நினைத்துப் பார்க்க முடியாது. பழைய 6581 சில்லில் வடிகட்டி சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஒரே பாட்டு இரண்டு கணினியில் இரண்டு நிறமாகக் கேட்கும். நேர்கோடு சார், "ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான்" என்றீர்களே, இது எப்படி?

அமிகா என்ற வீட்டுக் கணினியில் நான்கு குரல். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி செய்த சவுண்ட்டிராக்கர் என்ற இசை மென்பொருளிலிருந்து மாட் கோப்பு முறை பிறந்தது. ஒலித்துண்டுகளும் சுரங்களும் ஒரே கோப்பில் இருக்கும். கேட்கிறவர் அதைத் திறந்து, சுரங்கள் மேலிருந்து கீழாக ஓடுவதைப் பார்த்து, எந்த இடத்தில் என்ன செய்திருக்கிறார் என்று கற்றுக்கொள்ளலாம். ஒலித்துண்டின் பெயர் எழுத 22 எழுத்து இடம், மொத்தம் 31 துண்டு. அந்தப் பெயர்களை வரிசையாக வைத்துக் கடிதமே எழுதினார்கள், நண்பர்களுக்கு வணக்கம் சொன்னார்கள். நான் ஹார்மோனியம் கற்ற காலத்தில் வாத்தியார் கையைப் பார்த்துத்தான் கற்றேன். மாட் கோப்பைத் திறந்தபோது அதே போல, முகம் தெரியாத ஒருவரின் கையைப் பார்க்கிற உணர்வு வந்தது.

விழாவில் ஒரு பாட்டையாவது இப்படித் திறந்து, சுரங்கள் ஓட ஓடப் போடுங்கள். நல்ல ஒலிபெருக்கி கேட்டு வாங்குங்கள்.

#11 வடலி

வணக்கம். ஜேர்மனியில் இருந்து எழுதுகிறேன். ரெவிஷன் என்ற டெமோ விழாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் சார்புரூக்கன் நகரில் நடக்கும், வெள்ளி முதல் திங்கள் வரை. பிரேக்பாயிண்ட் 2010ஓடு நின்றபிறகு 2011இல் தொடங்கியது இது. ஈ-வெர்க் என்ற பழைய தொழிற்கூட மண்டபம். உள்ளே நீளமான மேசைகள், எல்லா மேசையிலும் கணனிகள், முன்னால் ஒரு பெரிய திரை.

முதல் தரம் போகும்போது எனக்கு ஒருவரையும் தெரியாது. பக்கத்து மேசையில் ஒரு ஐம்பது வயதுக்காரர் தன் மகளோடு வந்திருந்தார். அவர் பழைய அமிகா ஒன்றைத் திறந்து வைத்து ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார், மகள் போட்டிக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பின்னேரம் விளக்கு அணைந்ததும் யாரோ பின்னால் இருந்து "அமீகா!" என்று கத்தினார்கள், மண்டபம் முழுக்கத் திருப்பிக் கத்தியது. எனக்கு எங்கள் ஊர்த் திருவிழா இரவில் கூத்துத் தொடங்க முன்னம் வரும் ஆரவாரம் ஞாபகம் வந்தது.

நேர்கோடு அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஷேடர் ஷோடவுன் என்று ஒரு போட்டி உண்டு. ஷேடர் என்றால் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடும் சின்ன நிரல். இரண்டு பேர் மேடையில். வெறும் திரை, 25 நிமிடம், பின்னால் இசை போகும். அவர்கள் எழுத எழுத, எழுதும் வரிகளுக்குப் பின்னாலேயே படம் உருவாகும். ஒருவர் ஒரு கோளத்தை வைத்தார். ஒரு எண்ணை மாற்றினார், கோளம் ஆயிரமாகப் பெருகியது. சனம் எழும்பிக் கத்தியது. ஒரு இடத்தில் பிழை விட்டுப் படம் நின்றது, ஆனால் பிழையைக் கண்டுபிடித்ததும் முதலைவிடப் பெரிய கைதட்டல். நீங்கள் கேட்ட கச்சேரி அதுதான்.

#12 நேர்கோடு

இது எனக்குத் தெரியாது வடலி. இன்று இரவு பதிவைத் தேடிப் பார்க்கிறேன். (பதிவில்தான் பார்க்க முடியும், இதை ஒத்துக்கொள்ளுங்கள்.)

#13 நுண்பொறி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. அழைப்பிதழில் "யுனெஸ்கோ அங்கீகரித்த கலை" என்று போடலாமா? அப்புறம், நேற்று கல்லூரி ஆய்வகக் கணினியில் இரண்டு 4கே கோப்புகளை வைத்தேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டையும் சத்தமில்லாமல் தூக்கிவிட்டது. ஆய்வகப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

#14 வடலி

அப்படிப் போடாதீர்கள் அண்ணா. 2020இல் பின்லாந்தும் 2021இல் ஜேர்மனியும் தங்கள் நாட்டின் மரபுப் பட்டியலில் டெமோசீனைச் சேர்த்தன. அந்தப் பட்டியல்கள் யுனெஸ்கோ உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொரு நாடும் வைத்திருப்பவை. யுனெஸ்கோவின் உலகப் பட்டியல் வேறு. "பின்லாந்தும் ஜேர்மனியும் தங்கள் பண்பாட்டு மரபாக ஏற்றவை" என்று எழுதினால் சரி, அதுவே பெரிய விசயம்.

#15 மின்னல்கொடி

வைரஸ் தடுப்பு விஷயம் எல்லோருக்கும் நடப்பது. 4கே கோப்புகளைச் சுருக்கும் கருவிகள் கோப்பின் தலைப்பகுதியைக்கூட நசுக்கிப் பயன்படுத்தும். தீய நிரல்களும் தம்மை மறைக்க இதே மாதிரி சுருங்கிக்கொள்வதால் மென்பொருளுக்குச் சந்தேகம் வருகிறது. ஆய்வகக் கணினியில் பாதுகாப்பை அணைக்கச் சொல்லாதீர்கள், பொறுப்பாளர் பயப்படுவது நியாயம்தான். கல்லூரி வலையில் சேராத உங்கள் சொந்த மடிக்கணினியில் ஓட்டுங்கள். டெமோக்களைப் பட்டியலிடும் பூவெட் (pouet.net) தளத்தில் அந்தப் படைப்பின் பக்கத்துக்குப் போய் அங்கே உள்ள இணைப்பில் மட்டும் எடுங்கள். சீன்.ஆர்க் (scene.org) நல்ல சேமிப்பகம். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு வேண்டாம்.

தொடங்கும்போது சில நொடிகள் திரை கறுப்பாக இருக்கும். இசை முழுவதையும் அப்போதுதான் கணக்கிடுகிறது. முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லையென்றால் யாராவது வந்து கேபிளை ஆட்டுவார்கள்.

பகிரும் முறையையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். குழுவின் பெயர், ஆண்டு, எந்த விழா, எந்தக் கணினி, மூலப் பக்கத்தின் இணைப்பு. பெயரை வெட்டிவிட்டு முப்பது நொடித் துண்டாக ஸ்டேட்டஸில் போடுகிறார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது. பணம் வாங்காமல் மாதக்கணக்கில் உழைக்கிறவர்களுக்குக் கிடைப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். டெமோக்களின் நடுவே மற்ற குழுக்களுக்கு வணக்கம் சொல்லிப் பெயர்ப் பட்டியல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பெயரை ஒருவர் சொல்வது இவர்களுடைய பழக்கம், நாமும் சொல்வோம்.

#16 நேர்கோடு

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஷேடர் ஷோடவுன் பார்த்தேன், வடலி சொன்னது முழுக்க உண்மை. அப்புறம் ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட். நார்வேயின் ஸ்பேஸ்பால்ஸ் குழு, 1992, அமிகா. இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் போலும். ஆடும் பெண்ணின் நிழலுருவம், பளிச்சென்ற நிறம், தாளத்துக்குத் தாளம் வெட்டு. தொழில்முறைப் படத்தொகுப்பாளனாகச் சொல்கிறேன், அந்த வெட்டுகள் இன்றைக்கும் பிசிறில்லாமல் இருக்கின்றன. இது பைட் கணக்குச் சொல்லாமலே என்னை இழுத்தது.

#17 பழைய_டிஸ்கெட்

நீங்கள் அதைப் பிடித்தது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அது டென்மார்க்கின் தி பார்ட்டி விழாவில் வென்றபோது நம் இழையில் நடக்கும் இதே சண்டை அங்கே நடந்தது. ஆடியவரை வீடியோவில் பிடித்து, உருவத்தைப் பலகோணங்களாக மாற்றி பிளாப்பியில் அடைத்திருந்தார்கள். "இதில் கணக்கு எங்கே, இது வெறும் அசைவூட்டம்" என்று நிரலாளர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதற்கப்புறம் டெமோக்கள் மாறின. வடிவமைப்பு, தாளத்தோடு ஒட்டிய வெட்டு எல்லாம் கணக்குக்குச் சமமான இடத்துக்கு வந்தன.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வீடியோ கட்சிக்கு வலுச் சேர்க்கும். 8088 எம்பிஎச் என்ற டெமோ, 2015 ரெவிஷன். ஐபிஎம்மின் முதல் பிசி, 4.77 மெகாஹெர்ட்ஸ், நான்கு நிறம் காட்டும் சிஜிஏ கிராஃபிக்ஸ் அட்டை. அதை டிவி வகைத் திரையில் இணைத்து 1024 நிறம் வரவழைத்தார்கள். கடைசியில் அந்தப் பிசியின் கீச்சொலிப் பெட்டியில் நான்கு குரல் மாட் இசை ஓடுகிறது. வந்த காலத்தில் எந்த எமுலேட்டராலும் அதைச் சரியாக ஓட்ட முடியவில்லை. அந்த இயந்திரம் வீட்டில் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு, நிஜ இயந்திரத்திலிருந்து எடுத்த வீடியோதான் வழி. அதை நான் பத்துத் தடவை பார்த்திருப்பேன், வீடியோவில்தான்.

சார், எலிவேட்டடுக்கு ஒரு யோசனை. அந்தக் கோப்பை அப்படியே பதினாறடிமான எண்களாகத் தாளில் அச்சிடுங்கள். வரிக்கு 32 பைட் என்றால் 128 வரி. இரண்டு ஏ4 தாள். ஓட்டுவதற்கு முன்னால் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

#18 நுண்பொறி

விழா நேற்று முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

விளிம்பு விளக்கத்தில் தொடங்கினேன். 247, 251 என்று பலகையில் எழுதியபோது பின்வரிசையில் பேச்சு ஓயவில்லை. எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸில் உருவங்கள் விளிம்புக்குள் நுழைந்ததும் ஒரு பையன் "சார், அங்கே வரக்கூடாதே!" என்று சத்தமாகச் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன் என்று தோன்றியது.

அப்புறம் ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட். விசில் பறந்தது. செகண்ட் ரியாலிட்டியில் பாதிக்கு மேல் கவனம் சிதறியது, அதை நறுக்கி நாலு நிமிடம் மட்டும் காட்டியிருக்க வேண்டும். மூன்றுகுரல் சொன்னபடி ஒரு மாட் கோப்பைத் திறந்து போட்டேன். இரண்டு மாணவர்கள் மறுநாளே மாட் கோப்பைத் திறக்கும் ஓபன்எம்பிடி மென்பொருளை நிறுவிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். 8088 எம்பிஎச் வீடியோவாகவே காட்டினேன்.

கடைசியில் இரண்டு தாள்களையும் நாற்பது படி எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். "இனி திரையில் வருவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, படமும் பாட்டும் சேர்த்து" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். கறுப்புத் திரையில் அந்தச் சில நொடிகள் யாரும் மூச்சுவிடவில்லை. மலை வந்ததும் திரை வெளிச்சத்தில் சிலர் தாளைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், மறுபடி தாளைப் பார்த்தார்கள். மூன்று நிமிடமும் அப்படித்தான்.

முடிந்ததும் ட்ரோன் ஷாட் என்று கேட்ட அதே மாணவி தாளோடு முன்னால் வந்தாள். "சார், இதில் ஏரி எந்த வரி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மின்னல்கொடி, சொல்லுங்கள்.

#19 மின்னல்கொடி

சார், இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவளிடம் இப்படிச் சொல்லுங்கள்.

எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கிரிங்க்ளர் என்ற கருவி அந்தக் கோப்பைச் சுருக்கியிருக்கிறது. அது அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு பிட்டுக்கும் ஊகித்து, ஊகத்தைத் திருத்தும் அளவுக்கு மட்டும் தகவல் வைக்கும் முறை. அதனால் தாளில் உள்ள ஓர் எண் தனியாக எதையும் குறிக்காது, அதற்கு முன்னால் வந்த எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அதற்குப் பொருள். நடுவில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதற்கப்புறம் வருவதெல்லாம் குலைந்துவிடும்.

விரித்துப் பார்த்தாலும் ஏரி என்று தனியாக ஒன்று வரையப்பட்டிருக்காது. தரையின் உயரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அங்கே நீர். ஓர் ஒப்பீடு, அவ்வளவுதான். மலையை எழுதியபோதே ஏரியும் எழுதப்பட்டுவிட்டது.

செய்தவர்களில் ஒருவரான இனிகோ கிலெஸ் இதன் செய்முறையை விளக்கப் படங்களாகப் பொதுவில் வைத்திருக்கிறார். அதைக் கொடுங்கள். அவரும் இன்னொருவரும் சேர்ந்து 2013இல் தொடங்கிய ஷேடர்டாய் தளத்தில் ஒரு மலை ஷேடரைத் திறந்து கொடுங்கள். உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், பொறுப்பாளரும் கூப்பிட மாட்டார். நீர் மட்டத்துக்கான எண்ணைத் தேடச் சொல்லுங்கள். அதைக் கொஞ்சம் கூட்டினால் பள்ளத்தாக்கு மூழ்கும்.

#20 நுண்பொறி

இன்று மதியம் கொடுத்தேன். எண்ணைக் கண்டுபிடிக்க அவளுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. இப்போது முகடுகள் மட்டும் தீவுகளாக நிற்கின்றன. அலை எப்படிச் செய்வது என்று கேட்கிறாள். நேரத்தை எந்தச் சார்புக்குள் கொடுக்க வேண்டும், சைன் போதுமா?

#21 மின்னல்கொடி

ஒரே ஒரு சைன் போட்டால் தகர ஓடு மாதிரி இருக்கும். திசை வேறு, வேகம் வேறாக நாலைந்தைக் கூட்டச் சொல்லுங்கள். வந்ததும் இணைப்பை இங்கே போடுங்கள், அவள் என்ன பெயர் வைத்துக்கொள்கிறாளோ அந்தப் பெயரோடு.